சூட்டு மூலை

யூன்ஜே ராணுவத்துக்குக் கிளம்புன அன்னிக்கு முகாம் வாசல்ல அப்பாகிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "போரிய பாத்துக்கங்க." அவ்வளவுதான். ஒட்ட வெட்டுன தலையோட உள்ள போயிட்டான். மத்த பிள்ளைங்க அம்மாவக் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டு நின்னுச்சுங்க. இவனுக்கு அம்மா இல்ல. அப்பாகிட்ட அழற பழக்கமும் இல்ல.

போரிங்கிறது அவன் வளக்குற பாம்பு. விஷம் கிடையாது. வறுத்த பார்லி கலர்ல, முதுகு நெடுக செங்கல் கலர்ல கட்டம் கட்டமா இருக்கும். மூணு வருசமா அவன் மேசை மேல ஒரு கண்ணாடிப் பெட்டியில கிடந்துச்சு.

அப்பா கிஹோ வோன்ஜூங்கிற ஊர்ல மினி பஸ் ஓட்டுறவரு. அம்பத்தேழு வயசு. பொண்டாட்டி ஓக்சிம் செத்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு. அதுக்கப்புறம் அப்பனும் மகனும் பேசிக்கிட்டத விரல் விட்டு எண்ணிடலாம். சண்டையெல்லாம் இல்ல. பேச்சு வரல, அவ்வளவுதான். இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா முகாம்லேருந்து போன் வரும். "போரி சாப்பிட்டுச்சா?"ன்னு கேப்பான். "சாப்பிட்டுச்சு"ம்பாரு. "சரிப்பா." வச்சிடுவான். அந்த ஒரு கேள்விக்காக வாரம் பூரா காத்திருப்பாரு மனுசன்.

டிசம்பர்ல பாத்தா பாம்பு நல்லா வளந்துடுச்சு. பெட்டிக்குள்ள நீட்டிப் படுக்க முடியல, கண்ணாடியில மூக்க தேச்சுக்கிட்டே கிடந்துச்சு. ஜனவரி மூணாவது வாரம் யூன்ஜேக்கு முதல் லீவு. அதுக்குள்ள ஒரு பெரிய வீடு கட்டி வச்சா அசந்து போவான்னு கிஹோ நெனச்சாரு. ஒருவேளை அதப் பத்தி ரெண்டு வார்த்தை கூடப் பேசுவான்.

ஓக்சிம் கல்யாணத்துக்குக் கொண்டாந்த மெத்தைப் பெட்டி சும்மாதான் கிடந்துச்சு. உள்ள இருந்த மெத்தையெல்லாம் எடுத்து அலமாரியில திணிச்சாரு. முன்பக்கப் பலகைய அறுத்து அக்ரிலிக் தகடு மாட்டுனாரு. பக்கத்துக்குப் பன்னெண்டா காத்து ஓட்டை போட்டாரு. பாம்பு எங்க வேணா நுழைஞ்சு ஓடிடும்னு ஒவ்வொரு ஓட்டையிலயும் கம்பி வலை. மூடிக்கு ரெண்டு கொக்கி. அடியில ரெண்டு விரல் கனத்துக்கு மரச்சீவல். ஒளிஞ்சுக்க, சோயா சாஸ் ஊத்தி வைக்கிற ஒரு உடைஞ்ச மண்ஜாடிய ரெண்டாப் பிளந்து கவுத்து வச்சாரு. படுத்துக் குளிக்கிற அளவுக்கு ஒரு தண்ணிச் சட்டி. எல்லாம் பையன் ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போன காகிதத்தப் பாத்துப் பாத்துதான்.

அந்தக் காகிதத்துல, 'ஒரு பக்கம் சூடா இருக்கணும், ஒரு பக்கம் குளிர்ச்சியா இருக்கணும்'னு எழுதியிருந்துச்சு. கிஹோ அந்த இடத்துல கொஞ்சம் யோசிச்சாரு. வெளிய மைனஸ் பதினஞ்சு. இந்தக் குளிர்ல எவன் குளிர்ச்சி கேப்பான்? அது கோடை காலத்துக்கு எழுதுனதா இருக்கும்னு விட்டுட்டாரு.

பெட்டி மேசை மேல நிக்காது. தரையிலதான் வைக்கணும். தரையில எங்கன்னு அவரு யோசிக்கவே இல்ல. குளிருக்கு நம்ம வீடுகள்ல தரைக்கு அடியில சுடுதண்ணிக் குழாய் ஓடும்; பாய்லர்லேருந்து அது முதல்ல நுழையுற சூட்டு மூலை இருக்கே, அங்கதான். வீட்டுக்குப் பெரியவங்க வந்தா அங்க உக்கார வைப்போம். நோயாளி அங்க படுப்பாங்க. நேரங்கழிச்சு வர்றவங்களுக்குச் சோத்துக் கிண்ணத்த அங்க போர்வைக்கு அடியில வச்சா ஆறவே ஆறாது. ஓக்சிம் கடைசி எட்டு மாசம் அங்கதான் கிடந்தா. அந்த மூலைய ஒருத்தருக்குக் குடுக்குறோம்னா அதுக்கு மேல குடுக்க நம்மகிட்ட ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.

பெட்டிக்கு நாலு குட்டைக் கால் இருந்துச்சு. சூடு வீணாப் போகக்கூடாதுன்னு நாலையும் அறுத்துட்டாரு. தெர்மாமீட்டர கண்ணுக்குத் தெரியற மாதிரி உள்சுவர்ல மேலாக்க மாட்டுனாரு. இருபத்தொம்போது காட்டுச்சு. அருமைன்னு கையத் தட்டிக்கிட்டு, போரிய உள்ள விட்டாரு.

கூட பஸ் ஓட்டுற தக் மான்சூ ஒரு நாள் கிழங்கு வாங்கிக்கிட்டு வந்தான். வாசல்லயே செருப்பு மாட்டுன காலோட நின்னு எட்டிப் பாத்தான்.

"அண்ணே, என்னண்ணே இது, அமைச்சரு வீடு மாதிரி இருக்கு! எனக்கு எங்க வீட்ல கக்கூஸ் பக்கத்துலதான் பாய் போடுறா."

"நீ ராத்திரி குறட்டை விடுற. அது விடாது."

"நல்ல கனமான பாம்பா இருக்கே. ஒரு ஜாடி சாராயத்துல ஊறப்போட்டா உங்க முட்டி வலி பறந்துடும்ண்ணே."

"உன்னைய ஊறப்போடுறேன். உள்ள வந்து கதவச் சாத்துடா மொதல்ல. குளிர் ஏறுது அதுக்கு."

மான்சூ பெட்டிகிட்டப் போய்க் குனிஞ்சான். "எந்நேரமும் தண்ணிச் சட்டியிலயே கிடக்கே?"

"பொதுக் குளியல் வீட்டு வெந்நீர்த் தொட்டியில கிழவனுங்க கிடக்குறானுங்களே, அந்த மாதிரிதான். சுகம் கண்டுடுச்சு."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை மதியம் போன் வந்துச்சு. வழக்கமான கேள்வி. இந்த வாரம் வச்ச எலியப் போரி திரும்பிக்கூடப் பாக்கலங்கிறத கிஹோ சொல்ல விரும்பல. அதனால பேச்ச மாத்துனாரு.

"லீவுக்கு வந்து பாரு, உனக்கு ஒரு அதிசயம் வச்சிருக்கேன். உன் பாம்பு ராஜா மாதிரி இருக்கான். நாள் பூரா தண்ணியில ஊறிக்கிட்டுக் கிடக்கான்."



"அப்பா. பெட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

"அம்மா இடத்துல."

"தரையிலயா?"

"ஆமா. சூட்டு மூலையில. கால அறுத்து—"

"எடுங்கப்பா. இப்பவே வெளிய எடுங்க. போன வச்சுட்டு எடுங்க!"

மகன் இவ்வளவு சத்தமாப் பேசி கிஹோ கேட்டதில்ல. மூடியத் திறந்து பாம்ப ரெண்டு கையாலயும் தூக்குனாரு. துணி மாதிரித் தொங்குச்சு. திருப்பிப் பாத்தாரு. வெள்ளையா இருக்குற அடிவயிறு நெடுகப் பழுப்பா, சோறு அடிப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. மரச்சீவல ஒதுக்கி அடிப்பலகையில கைய வச்சாரு. வச்ச கைய உடனே எடுத்துட்டாரு.

மறுநாள் லீவு போட்டுட்டு, பாம்ப ஒரு சின்ன டப்பாவுல வச்சுக் கோட்டுக்குள்ள அணைச்சு, இந்த மாதிரி உயிருங்களப் பாக்குற டாக்டர தேடிப் பக்கத்து ஊருக்குப் போனாரு. டாக்டரம்மா சின்னப் பொண்ணு. திட்டல. திட்டியிருந்தா பரவாயில்ல.

"இதுங்களுக்கு உடம்புல சொந்தச் சூடு இல்ல ஐயா. சூடு வேணும்னா சூட்டுப் பக்கம் போகும், போதும்னா தள்ளிப் போகும். எல்லாப் பக்கமும் சூடா இருந்தா எங்க போகும்? கிடைச்சது தண்ணிச் சட்டிதான்."

"சுவர்ல மாட்டுன தெர்மாமீட்டர் இருபத்தொம்போதுதாம்மா காட்டுச்சு."

"அது சுவர்ல இருந்துச்சு. பாம்பு தரையில இருந்துச்சு."

புதன்கிழமை காலையில போரி செத்துப் போச்சு.

அன்னிக்கு அவருதான் மகனுக்குப் போன் போட்டாரு. விசயத்தச் சொன்னாரு. "ம்"னான் யூன்ஜே. "சனிக்கிழமை வர்றேன்"னான். வரமாட்டான்னுதான் கிஹோ பயந்துக்கிட்டு இருந்தாரு.

சனிக்கிழமை சாயங்காலம் சீருடையோட வந்தான். உள்ள நுழைஞ்சதும், "வீடு ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"ன்னு கேட்டான். கிஹோ நாலு நாளா பாய்லரக் குறைச்சு வச்சிருந்தாரு. பையன் தொப்பியக் கழட்டாமயே மெத்தைப் பெட்டி முன்னால குத்துக்கால் வச்சு உக்காந்தான். கொக்கிய ஒரு தடவ போட்டு எடுத்தான். கம்பி வலைய விரலால தடவுனான். ஜாடி ஓட்டக் கையில எடுத்துப் பாத்தான்.

"நல்லா பண்ணியிருக்கீங்க," அப்படின்னான். "அடியில ரெண்டு கட்டை குடுத்துத் தூக்கி, இந்த மூலைய விட்டுத் தள்ளி வச்சிருந்தா போதும்."

"எனக்குத் தெரியலடா."

"தெரியும்ப்பா உங்களுக்குத் தெரியாதுன்னு. நான்தான் சரியா எழுதல."

அப்புறம் அந்தப் பெட்டியப் பாத்துக்கிட்டே சொன்னான். "அம்மாவும் நகந்து நகந்து கதவுப் பக்கம் வருவாங்க. ஞாபகம் இருக்கா?"

கிஹோவுக்கு ஞாபகம் இருந்துச்சு. வாய் பேச முடியாமப் போன பிறகு ஓக்சிம் படுக்கையோட உருண்டு உருண்டு கதவுகிட்ட வந்து கிடப்பா. புத்தி தடுமாறிடுச்சு, பாவம், குளிர்ல போய்க் கிடக்குறாளேன்னு அவரு ஒவ்வொரு தடவையும் இழுத்துட்டுப் போய் சூட்டு மூலையில படுக்க வச்சு, போர்வையக் கழுத்து வரைக்கும் இழுத்து விடுவாரு. முதுகுல கொப்புளம் வந்துச்சு. படுக்கைப் புண்ணுன்னு மருந்து போட்டாரு.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லலியேடா."

"நீங்க அவ்வளவு பிரியமா செஞ்சீங்க. எப்படிச் சொல்றது?"

 ரெண்டு பேரும் ராம்யன் நூடுல்ஸ் கொதிக்க வச்சுச் சாப்பிட்டாங்க. போரிய ஓக்சிமோட பழைய துண்டுல சுத்தி ஒரு டப்பாவுல பால்கனியில வச்சிருந்தாரு. யூன்ஜே திறந்து பாத்துட்டு மூடிட்டான். மண்ணு உறைஞ்சு கிடக்கு, மண்வெட்டி இறங்காது.

"இளகட்டும், நீ அடுத்த லீவுக்கு வர்றப்ப ரெண்டு பேருமா புதைப்போம்"னாரு கிஹோ.

"வேணாம்ப்பா. மார்ச்ல நீங்களே புதைச்சிடுங்க. எனக்கு லீவு எப்பன்னு தெரியாது."

செவ்வாய்க்கிழமை மதியம் கிளம்பிட்டான். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனாரு. பஸ் ஏறுறப்ப, "உடம்பப் பாத்துக்கங்க"ன்னான். அடுத்த ஞாயித்துக்கிழமை போன் போட்டுக் கேக்க அவனுக்கு ஒண்ணும் இல்லன்னு அப்பதான் கிஹோவுக்கு உறைச்சுது.

வீட்டுக்கு வந்தாரு. மெத்தைப் பெட்டிய நகத்தி ஓரமா வச்சாரு. பாய்லர, ஓக்சிம் இருந்தப்ப வச்சிருந்த அதே நம்பருக்குத் திருப்புனாரு. சட்டையக் கழட்டிட்டுச் சூட்டு மூலையில மல்லாக்கப் படுத்து, போர்வையக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டாரு. ஜன்னல்ல வெயில் இருந்துச்சு.

முதல்ல சுகமாத்தான் இருந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு முதுகு அரிச்சுது. அப்புறம் எரிஞ்சுது. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. அவ எட்டு மாசம் கிடந்தா. ஒரு கட்டத்துல உடம்பு அவரக் கேக்காமயே கொஞ்சம் கொஞ்சமாக் கதவுப் பக்கம் நகந்து போச்சு. அங்க தரை சில்லுனு இருந்துச்சு. கன்னத்த அதுல வச்சுக்கிட்டுப் படுத்துக் கிடந்தாரு.

அவர இழுத்துட்டுப் போய்த் திரும்பப் படுக்க வைக்க அங்க யாரும் இல்ல.