சஹனில் காலியாக இருந்த இடம்

1.

அன்று அந்த சஹனைச் சுற்றி இருந்தவர்கள்: மெஹபூப் அலி ஆகிய நான், என் தம்பி ஷரஃபுதீன், அன்று காலைதான் எங்களுக்குச் சம்பந்தியான அடையாறு உமர் ஃபாரூக். தால்ச்சாக் குழம்பு வாளியோடு நின்றவர் கே.கே. நகர் பாத்திரக்கடை குலாம் ரசூல். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்தவள் என் மருமகள் ஃபிர்தௌஸ். கூடத்தில் வேறு சஹன்களும் இருந்தன. அவற்றில் இருந்தவர்கள் சாப்பாட்டைத்தான் கவனித்தார்கள். தாங்களும் பக்கத்தில் இருந்து கேட்டதாகச் சொல்பவர்கள் இப்போது தி. நகர்வரை பெருகிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கதையை நானே எழுத வேண்டியதாயிற்று.

(சஹன் என்பது பெரிய தாம்பாளம். விருந்தில் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவோம். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் மட்டும், குடும்பத்தின் மூத்தவர் உட்காரும் சஹனில் மூன்று பேர்தான். நான்காவது இடம் காலி. அந்தப் பக்கத்துச் சோற்றில் யாரும் கை வைப்பதில்லை.)

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'வங்கக் கடலின் அலைகளைக் கிழித்துக்கொண்டு நகுதாவின் மரக்கலம் கிழக்கே—'

அடித்துவிட்டேன். அந்தக் கடலில் நான் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

இரண்டாவது தொடக்கம்: 'எங்களுடையது கப்பல்காரக் குடும்பம். எங்கள் மூதாதை ஒரு நகுதா, அதாவது கப்பலை நடத்தியவர். துணி ஏற்றிக்கொண்டு சுமத்ராவின் அச்சேவுக்குப் போய்ப் பொன்னும் கற்பூரமும் கொண்டுவந்தார். இந்த வீடும் தி. நகர்க் கடைகளும் அந்த முதலின் மேல் நிற்கின்றன. கடைசிப் பயணத்தில் அவரைக் கடல் கொண்டுபோயிற்று. அவர் திரும்பி வந்தால் உட்காரத்தான் அந்த இடம்.'

இதை என் தகப்பனார் சொன்னார். அவருக்கு அவர் தகப்பனார். மாற்ற ஒன்றும் இல்லை.

[துணி மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு: பஞ்ச காலங்களில் இந்தக் கரையில் அரிசிக்காகப் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. வெள்ளைக்காரர் கப்பல்கள் ஏற்றின. நம்மவர் கப்பல்களும் ஏற்றின. அந்தக் காலத்தில் ஏற்றாதவர் யார் என்று நான் கேட்பேன். இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. இந்த இடத்தைத் தட்டச்சு செய்யும்போது ஃபிர்தௌஸ் சொன்னாள்: "பதில் சொல்ல வேண்டியவங்க கப்பல்ல போயிட்டாங்க மாமா." அவள் சொன்னதை நான் சேர்க்கச் சொல்லவில்லை. சேர்த்திருக்கிறாள்.]

3.

மூன்றாவது வரைவில் ஒரு புயலைக் கொண்டுவந்து நகுதாவை மூழ்கடித்தேன். நன்றாகவே மூழ்கினார். ஃபிர்தௌஸ் விரலை நிறுத்தினாள்.

"மாமா, ஒரு சந்தேகம்."

"எழுத்துப்பிழையா?"

"இல்ல. இவரு கடல்ல போயிட்டாருன்னா, மையவாடியில பெருநாளைக்குப் பெருநாள் போய் நீங்க ஃபாத்திஹா ஓதுறீங்களே, அந்தக் கபுரு யாரோடது?"

"பெரிய நகுதாவோடது."

"அதான் கேக்குறேன்."

எனக்கு வயது எழுபத்தெட்டு. அந்தக் கபுருக்கு, அதாவது கல்லறைக்கு, பளிங்கு பதித்தவன் நான். காலி இடத்துக்குக் காவல் இருப்பவனும் நான். கபுரும் எங்கள் பெருமை, காலி இடமும் எங்கள் பெருமை. ஒன்றைப் பெருநாளில் சொன்னோம், மற்றதை விருந்தில் சொன்னோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. எழுத உட்கார்ந்தால் இதுதான் வம்பு.

"வேற நகுதாவா இருக்கும்" என்றேன்.

"எத்தன நகுதா மாமா நமக்கு?"

அன்று அதற்கு மேல் எழுதவில்லை.

4.

குலாம் ரசூலை இதுவரை வாளியோடு நிற்கவைத்துவிட்டேன். வேண்டுமென்றேதான். இந்தக் கதையில் நான் நம்பாத பாத்திரம் அவர். அவரை நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு நிமிர்ந்து நிற்கவிட்டிருக்க மாட்டேன்.

அவர் குடும்பத்தை நாங்கள் 'வீட்டுப் பிள்ளைகள்' என்போம். மரியாதையான சொல் என்றுதான் நினைத்திருந்தேன். பல தலைமுறைகள் எங்கள் பின்கட்டில் இருந்தார்கள். சோறு உண்டு, பெருநாளுக்குத் துணி உண்டு. கூலி இல்லை, பிள்ளைகளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? அவர்கள் பெயரில் ஒரு சுவர்கூட இல்லை. குலாம் ரசூலின் தகப்பனார்தான் முதலில் வெளியேறினார். கே.கே. நகரில் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கடை போட்டார். எனக்குக் கடை பாட்டனாரிடமிருந்து வந்தது. அவருக்கு வட்டிக்கடைக்காரனிடமிருந்து வந்தது.

அன்று என் பேரன் ஆசிஃபின் நிக்காஹ். சஹன்கள் குலாம் ரசூலுடையவை. தானே நின்று பரிமாறினார்.

சம்பந்தி ஒன்றும் தெரியாமல் கேட்டார்: "இன்னும் ஒருத்தர் வரணுமா? சோறு ஆறுதே."

ஷரஃபுதீன் நகுதாவின் கதையைச் சொன்னான். நன்றாகச் சொல்வான். அலையெல்லாம் வரும்.

"கதை சோக்கா கீது பாய்" என்றார் குலாம் ரசூல்.

அதுவரை அவர் எங்களை 'மொதலாளி' என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"நீ தால்ச்சாவ ஊத்து" என்றான் தம்பி.

"ஊத்துறேன். எங்க வாப்பா வேற மாரி சொல்லுவாரு. பஞ்சத்துல உங்க நகுதா ஏத்திக்கினு போனது துணி மட்டும் இல்ல. இதே சஹன்ல நாலாவதா உக்காந்து துன்னுக்கினு இருந்த எங்க பையனையும் ஏத்திக்கினு போனாரு. அச்சேல வித்துட்டு, அவரு திரும்பி வந்துட்டாரு. பையன் வரல. அவன் பங்கு சோத்துல யாரையும் கை வெக்க வுடலயாம் அவங்கம்மா."

"இப்ப இன்னா வேணும் உனக்கு? வீட்டுல பங்கா?" என்றான் ஷரஃபுதீன்.

"கேட்டா குடுத்துடுவியா பாய்?" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "காலையிலேருந்து நின்னுக்கினே கீறேன், காலு நோவுது. உக்காரலாமா?"

உமர் ஃபாரூக் என் முகத்தைப் பார்த்தார். தன் மகளை எந்தக் குடும்பத்தில் கொடுத்தோம் என்று அவர் அந்த நேரத்தில் முடிவு செய்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னால், தன் தட்டில் சாப்பிட்ட பிள்ளையை விற்ற குடும்பம் நாங்கள் என்று நானே கையெழுத்துப் போட்டதாகும். வேண்டாமென்றால், காலி இடம் ஒன்று கண்முன்னே இருக்க, கால் வலிக்கிறது என்றவரை நிற்கவைத்த குடும்பம்.

5.

இங்கே வைக்க மூன்று முடிவுகள் கிடைத்தன.

ஷரஃபுதீன் தந்தது: 'மூத்தவர் ஒரு பார்வை பார்த்தார். குலாம் ரசூல் தலைகுனிந்து—' அவர் தலை குனியவில்லை. வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.

அக்கம்பக்கத்தார் தந்தது: கட்டிக்கொள்கிறோம், எல்லோர் கண்ணிலும் நீர். கூடத்தில் யார் கண்ணும் ஈரமாகவில்லை. புகை என்று சொல்லவும் வழியில்லை, சமையல் கேஸில்.

ஃபிர்தௌஸ் தந்தது: கதையை அச்சேயில் முடிக்க வேண்டும், அந்தப் பையனோடு. என்னால் ஆகாது. அவன் பெயரே யாருக்கும் தெரியாது. விற்றதாகச் சொல்லப்படுபவரின் பெயர்தான் பளிங்கில் இருக்கிறது, நான் பதித்த பளிங்கில்.

நகுதா விற்றார் என்று நான் எழுதமாட்டேன். பார்த்தவர் இல்லை. ஆனால் மூன்றாவது வரைவிலிருந்த புயலை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். எது வேண்டுமோ நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

6.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நான் எழுந்து என் இடத்தைக் குலாம் ரசூலுக்குக் கொடுத்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். தவறு. மூட்டுவலிக்காரன், தரையிலிருந்து அவ்வளவு சுலபமாக எழ முடியாது. முழங்காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். என் இடத்தில் கடைசிவரை நான்தான் இருந்தேன். அவர் உட்கார்ந்தது அவருடைய இடத்தில்.