வெள்ளிக்கிழமை வரி

கிலாமா கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டி எண்டரை அழுத்தினான். பெயர்கள் மடமடவென்று மேலே ஓடின. குலு நகரத்து அந்தச் சின்ன ரேடியோவில் இத்தனை வருஷமாக வந்து பேசியவர்களின் பெயரெல்லாம் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு போயின. அவன் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்த லாம்வாகா, "நிறுத்து, நிறுத்து, அதோ!" என்று கத்தினாள். அவளுடைய மாமனார் லாட்டிகோவின் பெயர் அங்கே இருந்தது.

"இருக்குன்னு சொன்னேனா இல்லியா அக்கா?"

"பேருதான் இருக்கு. குரல் இருக்கான்னு யாரு கண்டா?"

கிலாமா சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகவில்லை. வயிறு எரிந்துகொண்டு ஒருத்தி பக்கத்தில் நிற்கும்போது மனுஷனுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்?

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதிவு. சண்டைக்குப் பயந்து முகாம்களில் அடைந்து கிடந்த காலம் முடிந்து சனங்கள் ஊர் திரும்பியபோது எது யார் நிலம் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லாமல் போயிருந்தது. அதற்காகவே லாம்வாகா ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி நடத்தினாள். எல்லை தெரிந்த கிழடுகளை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்துப் பேசவிடுவாள். மாமனாரும் ஒருநாள் வந்தார். கறையான் புற்றிலிருந்து ஓடை வரைக்கும் மூத்த மகன் வீட்டுக்கு, அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் பெண்டாட்டி உழுது சாப்பிடட்டும் என்று ஊரறியச் சொன்னார். பிறகு அந்த மூத்தவன், அவள் புருஷன், செத்துப் போனான். போன மழைக்காலத்தில் கிழவரும் போனார். அவர் சமாதி மண் காய்வதற்குள் கொழுந்தன் ஒபிரா மண்வெட்டியோடு வந்து, அவள் எள்ளு விதைத்த இடத்தில் மரவள்ளிக் குச்சியை ஊன்றிவிட்டான். "ஒண்ணு உங்கப்பன் வீட்டுக்குப் போ, இல்ல என் வீட்டுக்கு வா" என்று பிள்ளைகள் காதுபடச் சொன்னான். நாளைக்குக் காலையில் குலத்துப் பெரியவர்கள் கூடுகிறார்கள். லாட்டிகோ சொன்னது உண்மையானால் அவர் வாயாலேயே கேட்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாய் இப்போது கிலாமாவின் கையில் இருந்தது.

நிலையத்தின் பழைய கணினியை இடி தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிஸ்க். வெள்ளிக்கிழமைதோறும் கிலாமா கணினியில் இருக்கும் பதிவுகள் அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதில் போட்டு வைப்பான். புது மூட்டை பழைய மூட்டையின் இடத்திலேயே, அதே பெயரில் உட்காரும். வாராவாரம் ஒரே வரிதான். அவன் அதை ஜெபம் போல முணுமுணுத்துக்கொண்டே தட்டுவான். தன் நிகழ்ச்சி முடிந்து அங்கேயே தேநீர் குடிக்கிற லாம்வாகாவின் காதில் அது விழுந்து விழுந்து மனப்பாடமாகியிருந்தது. வரி முடிந்ததும் பெயர்கள் திரையில் ஓடும். தன் மாமனாரின் பெயர் ஓடுவதை எத்தனையோ வெள்ளிக்கிழமை அவள் பார்த்திருக்கிறாள்.

கிலாமாவைத் தம்பி என்றுதான் அவளும் கூப்பிட்டு வந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவனை ஒபிராவின் சிவப்பு மோட்டார் சைக்கிளின் பின்னால் பார்த்துவிட்டாள். சந்தைக்குப் பின்பக்கம் ஆட்டிறைச்சி சுடுகிற இடத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து எலும்பு கடித்ததை அவள் சிநேகிதி பார்த்தாள். கேட்டதற்கு, "வழியில பாத்தாரு, ஏத்திக்கிட்டாரு. சாப்பிடுடான்னாரு, சாப்பிட்டேன். இதுல என்ன இருக்கு அக்கா?" என்றான். என்ன இருக்காம்! சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு எல்லாமே தீனிதான். அவன் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம் வந்தான், தாமதித்தால் ஏன் தாமதித்தான். இன்று காலையில் நிலையத்து மேலாளர் ஒலான்யா மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "அந்தப் பையன் கொழுந்தனோட ஆளு மாஸ்டர். அந்தப் பதிவை ஏதாச்சும் பண்ணிடுவான்." பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கும் அவன் மேல ஒரு கண்ணு இருக்கு" என்றார். அவருக்கு யார்மேல்தான் கண் இல்லை.

"சரி, பேரு வந்துடுச்சில்ல. குரலை வெளிய எடு" என்றாள் இப்போது.

"எடுக்கலாம். முதல்ல இந்த மூட்டையையே ஒரு நகல் எடுத்துக்கறேன். இருக்கறது ஒண்ணே ஒண்ணு. கரண்டு வேற வந்து வந்து போகுது. பாதியில ஏதாவது ஆச்சுன்னா?"

"நகல் யாருக்கு?"

"யாருக்கா? உங்களுக்குத்தான்! இந்த மெஷின்ல அவ்வளவு இடம் இல்ல. என் மச்சான் கடையில ஒரு காலி டிஸ்க் இருக்கு, வாங்கிட்டு ஓடி வந்துடறேன். வந்து பிரிச்சுக் குடுக்கறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க அக்கா."

தொடாதே என்று சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது. எத்தனையோ தடவை அந்த அறையில் தனியாக இருந்திருக்கிறாள், ஒருநாளும் அவன் அப்படிச் சொன்னதில்லை. சன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். கிலாமா வாசற்கதவோரம் நின்று கைபேசியில் பேசினான். பேசும்போது ஒருதரம் சன்னலைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டியவன் தலைக்கவசம் போட்டிருந்தான், முகம் தெரியவில்லை. கிலாமா பின்னால் ஏறிக்கொண்டான், வண்டி சந்தைப் பக்கம் திரும்பி மறைந்தது.

அடப்பாவி, பட்டப்பகலிலேயே வந்து கூட்டிக்கொண்டு போகிறானே! அவர்கள் இரண்டு பேருமாகத் திரும்பி வருவார்கள். டிஸ்க் கெட்டுப்போச்சு அக்கா என்று கிலாமா உதட்டைப் பிதுக்குவான். நாளைக்குப் பெரியவர்கள் முன்னால் அவள் வெறுங்கையோடு நிற்பாள். எள்ளும் போய், வீடும் போய், மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அவள் எங்கே போவது? அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவன் நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அவளுக்குக் கணினியில் ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வரி தெரியும். அதைத் தட்டினால் எல்லாப் பெயரும் வரும், மாமனாரும் வருவார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, அவன் முணுமுணுப்பதுபோலவே முணுமுணுத்துக்கொண்டு தட்டினாள். இரண்டு தரம் சரிபார்த்தாள். ஓர் எழுத்தும் தவறவில்லை. எண்டரை அழுத்தினாள்.

பெயர்கள் ஓடின. காலைச் செய்தி. சாவு அறிவிப்பு. சோப்பு விளம்பரம். திங்கட்கிழமைப் பிரசங்கம். அவ்வளவுதான், நின்றுவிட்டது. இன்னும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மறுபடி அதே வரியைத் தட்டினாள். மறுபடியும் செய்தி, சாவு, சோப்பு, பிரசங்கம்.

கதவு தட்டப்பட்டது. "அக்கா? ஏன் தாப்பா போட்டீங்க?"

திறந்தாள். கிலாமா கையில் ஒரு டிஸ்கோடு மூச்சிரைக்க நின்றான். அவனுக்குப் பின்னால், வெளியே, தலைக்கவசத்தைக் கழற்றிய வண்டிக்காரன் முகம் துடைத்துக்கொண்டிருந்தான். மீசை முளைக்காத, வாடகைக்கு ஓட்டுகிற யாரோ ஒரு பையன். ஒபிரா இல்லை.

கிலாமா திரையைப் பார்த்தான். பேயறைந்தவன் மாதிரி ஆகிவிட்டான். ஒரே தாவலில் போய், மூட்டை இருந்த டிஸ்கின் கம்பியைப் பிடுங்கினான்.

"என்ன பண்ணீங்க? ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நீ வெள்ளிக்கிழமை தட்டுவியே, அதைத்தான்..."

"அது கட்டற வரி அக்கா! நான் முன்னாடி தட்டினது பேரை மட்டும் பாக்கற வரி, பிரிக்கறதுக்கு வேற! இந்தப் புது மெஷின்ல இருக்கறது நாலு பதிவு. அந்த நாலையும் கட்டி, பழசு இருந்த எடத்துல வெச்சுட்டீங்க. அதுக்காகத்தானே இடி விழுந்த நாள்லேருந்து அந்த வரியை நான் தொடவே இல்ல."

அவளுக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை. "அப்ப மாமா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் புரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒபிரா செய்ய நினைத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

கிலாமா நெற்றியில் அடித்துக்கொண்டான். அப்புறம் அவள் எதிரே குந்தினான். "கேளுங்க. மேல கொஞ்சம்தான் எழுதியிருக்கு. கீழ பழசு அப்படியே கிடக்கலாம். தலைநகரம் கம்பாலால, அழிஞ்சதைத் தோண்டி எடுக்கறவங்க இருக்காங்க. ஆனா இனிமே இந்த டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதப்படாது. செருகவே கூடாது. இப்பவே பஸ் ஏறிடறேன். பெரியவங்ககிட்ட ஒரு வாரம் தவணை கேளுங்க."

இப்போதாவது இவனை நம்பலாமா என்று அவள் மனம் அந்த நேரத்திலும் ஒருமுறை கேட்டது. அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. "போ தம்பி" என்றாள்.

சத்தம் கேட்டு ஒலான்யா மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், கிலாமாவின் கையில் இருந்த டிஸ்கைப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"அழிஞ்சுபோச்சு மாஸ்டர்" என்றாள் லாம்வாகா. "நான்தான் அழிச்சேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் குனிந்தார். யார் பெயரில் கணினி திறந்திருக்கிறதோ அந்தப் பெயர் ஒவ்வொரு வரியின் தலையிலும் தானாக வந்து நிற்கும். அவள் தட்டிய இரண்டு வரிகளுக்கும் முன்னால் கிலாமா, கிலாமா என்று இருந்தது. மாஸ்டர் அதைப் பரீட்சைத் தாள் வாசிப்பதுபோல விரலை வைத்து வாசித்தார்.

"பேரு இங்க பளிச்சுன்னு இருக்கே."

"பேரு அவனுது, கை என்னுது மாஸ்டர். கதவைத் தாப்பா போட்டுட்டு நானே தட்டினேன். அவன் வெளிய போயிருந்தான்."

"உனக்கு இந்தப் பொட்டிய தொறக்கவே தெரியாதே! காலைல நீதானே வந்து சொன்ன, இவன் ஏதாச்சும் பண்ணிடுவான்னு? இப்ப என்ன, மிரட்டினானா? இல்ல கால்ல விழுந்தானா?"

கிலாமா மெல்லத் திரும்பி லாம்வாகாவைப் பார்த்தான். "காலைலயே சொன்னீங்களா அக்கா?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதைக் குடு" என்று மாஸ்டர் டிஸ்குக்குக் கையை நீட்டினார். "நீ இதைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுவ, அதோட கதை முடிஞ்சுது. இருக்கா இல்லியான்னு நானே பாக்கறேன்."

"வேண்டாம் மாஸ்டர், செருகக் கூடாதாம்! செருகினா கீழ கிடக்கற பழசும் போயிடும்..."

"யாரு சொன்னது? இவனா?"

அவள் எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் வகுப்பில் பிள்ளைகளை விலக்குவதுபோல அவளை விலக்கி, கிலாமாவின் கையிலிருந்து டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பியைச் செருகினார். டிஸ்கின் ஓரத்தில் பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. மாஸ்டரின் ஒற்றை விரல் எழுத்தைத் தேடி விசைகளின் மேல் அலைந்தது. திரையில் கிலாமாவின் பெயர் அதற்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது.