முதுகு மூடிய மோதிரம்

வீட்டில் அவருக்கு மேதகு என்று பட்டப்பெயர். வைத்தது மனைவி. ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்தான். ஆனால் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் திறப்பு விழாவுக்குப் போகிறவர் மாதிரிதான் போவார். நகைக்கடைக்குள்ளும் அப்படியே நுழைந்தார். சட்டைப்பையில் மனைவியின் மோதிரம். அவள் போய் மூன்று மாதம். அந்தக் கல்லை மகளுக்குப் புது மோதிரத்தில் பதித்துத் தர வேண்டும். மகள் நாலு மணிக்கு வந்துவிடுவாள்.

அந்தக் கடையில் விற்பனையாளர் என்று யாரும் கிடையாது, எல்லாரும் ஆலோசகர்கள். சிவப்புக் கல் என்று கேட்டதுமே கோட்டுப் போட்ட ஆலோசகர் ஒருவர் வெல்வெட் தட்டில் மூன்று வளையங்களைப் பரப்பினார். மஞ்சள் தங்கம், வெள்ளைத் தங்கம், பிளாட்டினம்.

"தங்கம் சிவப்புக் கல்லுக்கு நல்லா எடுக்கும் சார். ஆனா பிளாட்டினம்..." கண்ணை மூடித் திறந்தார். "பிளாட்டினத்துல கல் பேசும்."

"பேசட்டும். இது சாதாரணக் கல் இல்ல தம்பி. ராஜ குடும்பத்து மாணிக்கம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி நானே தேடிப் பிடிச்சது."

"பார்த்ததுமே தெரியுது சார்" என்றார் ஆலோசகர். மோதிரம் இன்னும் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

பழைய மோதிரத்தின் அடிப்பக்கம் தங்கத்தால் மூடியிருந்தது. மாற்றிவிடலாம் என்று அவர் எப்போது பேச்செடுத்தாலும் மனைவிக்கு ஒரே பதில்தான்: "தங்கமே போதும். முதுகு மூடியே இருக்கட்டும்." ரசனை கெட்ட ஜென்மம் என்று அவர் அலுத்துக்கொள்வார். இப்போது குறுக்கே பேச ஆளில்லை.

"நாலு கொக்கி மட்டும் பிடிச்சிருந்தாப் போதும். அடி திறந்திருக்கணும், வெளிச்சம் பாயணும். அப்புறம், என் கண் முன்னாடிதான் பிரிக்கணும். இந்த மாதிரிக் கல்லை மாத்திடுவாங்க."

பின்கட்டில் கல் பதிக்கிற அம்மாளிடம் அழைத்துப் போனார்கள். அந்த அம்மாள் கண்ணில் வில்லையைப் பொருத்தி, மோதிரத்தை ஒரு திருப்புத் திருப்பினாள்.

"அக்கா வரலையா?"

"எந்த அக்கா?"

"இந்த மோதிரத்துக்காரங்க."

"என் மனைவி இந்தக் கடைப் படி ஏறினதே இல்ல."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், சொன்னாக் கேளுங்க. இதைப் பிரிக்க வேணாம். வளையத்தை மட்டும் அளவு மாத்தித் தரேன்."

"உளி பிடிக்கிறது உங்க வேலை. முடிவெடுக்கிறது என் வேலை."

அவள் பெருமூச்சு விட்டு விளிம்பை நெம்பினாள். கல் வெள்ளைக் காகிதத்தில் விழுந்தது.

பீட்ரூட்டை அலசிய மூன்றாவது தண்ணீரின் நிறம். அவ்வளவுதான். அது இருந்த குழியில் ஒரு மெல்லிய சிவப்புத் தகடு, விளிம்போடு ஒட்டி இரண்டாகக் கிழிந்து கிடந்தது. மாற்றிவிட்டார்கள் என்று கத்த வாயெடுத்தார். ஆனால் இமை கொட்டாமல் பார்த்தது அவரேதான்.

"கல் இதுதான் சார். சிவப்பெல்லாம் அடியில இருக்கிற தகடு. தண்ணி இறங்கினா கறுத்துடும். அக்கா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சந்துப் பக்கமா வந்து மாத்திட்டுப் போவாங்க. 'வீட்டுல ஒருத்தர் ராஜா கதை சொல்லிட்டிருக்காரு, அது வெளுத்துடக் கூடாது'ம்பாங்க. கடைசித் தடவை தவணைக்கு முன்னாடியே வந்துட்டாங்க. 'தடிமனா வைம்மா, ரொம்ப நாள் தாங்கணும்'னாங்க."

"அவ போயிட்டா" என்றார் மேதகு. "மூணு மாசமாச்சு."

அந்த அம்மாள் வில்லையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

பாத்திரம் கழுவும்போதெல்லாம் மனைவி மோதிரத்தைக் கழற்றி உப்பு ஜாடி பக்கத்தில் வைப்பாள். அதற்கு அவர் ஆற்றிய உரைகள் கொஞ்சமா? 'ராஜ குடும்பத்துப் பொருளோட அருமை உனக்கு எங்க தெரியப் போகுது?' அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சரிங்க மேதகு" என்பாள். சில நாள் விரல் வெறுமையாக இருக்கும். அன்றைக்கு உரை இன்னும் நீளம்.

"அந்தத் தகட்டையே திரும்ப வைக்க முடியுமா?"

"கிழிஞ்சு போச்சே சார். வேற புதுசு வேணா வைக்கலாம்."

அவர் இரண்டு துண்டுகளையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆலோசகர் படிவத்தோடு எட்டிப் பார்த்தார். "பிளாட்டினம்தானே சார்?"

"தங்கம். முதுகு மூடி." பிறகு அந்த அம்மாளிடம் தணிந்த குரலில், "தடிமனா வைங்கம்மா. மகளுக்குத் தெரிய வேணாம். அந்தச் சந்து எந்தப் பக்கம்?"

"கடைக்கு இடப்பக்கம் சார். நீலக் கதவு."

அதற்குள் மகள் ஆலோசகரோடு உள்ளே வந்துவிட்டாள். அந்த அம்மாள் கல்லை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"என்னப்பா, ஒரு மாசமா பிளாட்டினம் பிளாட்டினம்னு முழங்கிட்டு, இப்ப தங்கங்கிறாரு இவரு?"

"உங்கம்மா தங்கம்னா."

"அம்மா சொல்லி நீங்க எதைப்பா கேட்டிருக்கீங்க?" மகள் சிரித்தாள். "இருந்திருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பாங்க. சரி, இவங்ககிட்ட உங்க ராஜா கதையைச் சொல்லியாச்சா? சொல்லாம விட மாட்டீங்களே."

மேதகு தொண்டையைச் செருமினார். "இது வந்து... ராஜ..."

இருபத்தெட்டு வருஷம் தடங்கலில்லாமல் வந்த கதை, அதற்கு மேல் வரவில்லை.