கல்கிசையில் இரண்டு வருடம்

காலையில் எழுந்ததும் பின்கதவைத் திறப்பேன். பனி விலகியிராது. அடுப்பை மூட்டிச் சுடுதண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் பல் விளக்கி, கொய்யா மரத்தடிக்குப் போய், கிளையில் கட்டியிருக்கும் சிறு மண்முட்டியைப் பார்ப்பேன். இந்த மாதம் பதுளையில் மழை பெய்யாத நாள் இல்லை. முட்டியின் வாய்க்கு வெள்ளைத் துணி. அதன்மேல் நான் கட்டிய றப்பர் சீலை. தண்ணீர் இறங்கவில்லை என்றால் உள்ளே வந்து முகம் மழிப்பேன். கடையில் பாணும் சம்பலும் வாங்கித் தின்றுவிட்டு அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போவேன்.

முட்டியில் இருப்பது என் மனைவி செல்வநாயகியின் சாம்பல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கரைக்கும்வரை அதை வீட்டுக்குள் வைப்பது எங்கள் வழக்கம் இல்லை.

அந்தியேட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது நாயகியின் தமக்கை ஞானேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்தார். முட்டியையும் என்னையும் கூட்டிக்கொண்டு போவது அவருடைய திட்டம். வந்தவர் முதலில் மரத்தடிக்குத்தான் போனார்.

"மழைக்குள்ளை இப்பிடித் தொங்கவிட்டிருக்கிறியளே தம்பி."

"றப்பர் சீலை கட்டியிருக்கு அக்கா."

"கச்சேரி மூளை," என்றார்.

அடுத்த வீட்டுப் புடவைக்கடைக்காரரின் மனைவி வடிவம்மா இடியாப்பம் கொண்டுவந்தாள். விருந்தாளி வந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்கு ரயிலேறினால் சரி," என்றார் அக்கா. "கீரிமலைக் கடலிலை கரைப்பம். எங்கடை அப்பாவையும் அங்கைதான் விட்டது."

"கீரிமலையா?" என்றாள் வடிவம்மா. "கல்கிசைக் கடல்ல விடுவீங்கன்னுல்ல நெனச்சேன். அந்தப் புள்ளைக்கு அதுதானே ஆச."

"ஆருக்குச் சொன்னவள்?"

"நேரா சொல்லல. ஆனா வாயத் தொறந்தா கல்கிசைதானேக்கா. நாங்க அதுக்குக் கல்கிசை மகாராணின்னே பேரு வச்சிருந்தோம். அதுவும் சிரிக்கும்."

"என்ரை தங்கச்சியின்ரை மனசு எனக்குத் தெரியாதோ?"

"தெரியும்ங்க. இந்த மூணு வருஷத்துல ஒரு தடவ வந்து பாத்திருந்தா இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

அக்கா இடியாப்பத் தட்டை அப்பால் தள்ளி வைத்தார். இரண்டு பேரும் அவளை விரும்பியவர்கள்தான். இரண்டு பேரும் அவளைக் கடலில் விடப் பார்த்தார்கள்.

கல்கிசை முதலில் என் ஆசை. ஐம்பத்தாறில் கொழும்புக் கந்தோரில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் வீடு பார்த்தார்கள். நான் கல்கிசையில், ஜெனீரா என்ற மலாய்ப் பெண்மணியின் பங்களாவில், பக்கவாட்டு அறைகள் இரண்டை எடுத்தேன். சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போனது. யன்னலைத் திறந்தால் தென்னைகள், ரயில் பாதை, அதற்கப்பால் இரவு பகலாக இரையும் கடல். சனிக்கிழமைகளில் பெரிய ஹோட்டலில் பாண்ட் வாசிப்பார்கள். உள்ளே போக எங்களுக்கு வசதியில்லை. வெளியே மணலில் இருந்து கேட்போம். மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டு ஒன்றை வாங்கி இருவரும் மாறி மாறிக் கடிப்போம். உப்புக் காற்றில் நாயகியின் தலைமயிர் சிக்காகிவிடும். வாசற்படியில் அவளை இருத்தி நான் சிக்கெடுப்பேன். அதைவிட நல்ல இடத்தில் நான் வாழ்ந்ததில்லை.

ஐம்பத்தெட்டு மே மாதம், ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருந்தோம். தமிழரைத் தேடி வந்த கும்பல் முன்கதவை உடைத்தபோதுதான் எழுந்தோம். ஜெனீரா எங்களைப் பின்வழியால் இழுத்துப்போய்த் தன் விறகறையில் பூட்டி, வெளியே நின்று, நாங்கள் ஊருக்குப் போய்விட்டதாக அவர்களிடம் சாதித்தார். பிறகு அகதி முகாம், கப்பல், யாழ்ப்பாணம். கடைசியில் மலைநாட்டுப் பதுளைக்கு மாற்றம்.

இங்கே வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் கல்கிசையைப் பற்றிச் சொல்வேன். மே மாதத்துக்கு முன்னாலே நிறுத்திவிடுவேன். நாயகி தலையாட்டுவாள். பிறகு நான் இல்லாத இடங்களிலும் அவளே சொல்லத் தொடங்கினாள், நான் சொல்வதைப் போலவே, நான் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்தி.

"நீங்கள் சொல்லுங்கோ தம்பி," என்றார் அக்கா. "கீரிமலையோ கல்கிசையோ?"

"ரெண்டும் இல்லை. கடலிலை விடமாட்டன். இஞ்சை பதுளை ஓயாவிலை கரைக்கிறன்."

"ஆத்திலையோ? ஊர்ச்சனம் என்ன சொல்லும்?"

"ஊர்ச்சனம் இஞ்சை வராது அக்கா."

"அப்ப நான் இவ்வளவு தூரம் வந்தது இடியாப்பம் தின்னவோ?"

அக்கா அழத் தொடங்கினார். சற்றுமுன் சண்டை பிடித்த வடிவம்மா போய் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, கடைசியா அந்தப் புள்ள உங்ககிட்ட ஏதும் சொல்லிச்சா?"

"ஒண்டும் சொல்லேல்லை," என்றேன்.

சொன்னாள். நிமோனியா முற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, சுகம் வந்ததும் கல்கிசைக்குப் போய் ஒரு கிழமை நிற்போம், ஜெனீராவுக்கு எழுதியிருக்கிறேன், அதே அறைகளைத் தருவார் என்றேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னை அங்கை கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. கடலுக்குப் பக்கத்திலை ஆக்கள் வாறது கேளாது."