திறக்காத திட்டு

ராவிரி வண்டிக்குள் எறிந்த சாக்கை ஹூயா எடுத்துத் தரையில் போட்டாள். அவர் மறுபடி எறிந்தார். அவள் மறுபடி எடுத்துப் போட்டாள். சமையற்கட்டு வாசலில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கறுப்புடையும் தலையில் தழை வளையமுமாகத் தம்பியின் சவப்பெட்டியருகே உட்கார்ந்திருக்க வேண்டியவள் இங்கே மல்லுக்கு நிற்கிறாள் என்றால் பார்க்கத்தானே செய்வார்கள்.

"வழிய விடு ஹூயா. கடல் தண்ணி வத்துற நேரம்."

"வத்தட்டும் அண்ணே. திட்டுல யாரும் கால் வைக்கப் போறதில்ல."

அவள் தம்பி மாத்தேனே முந்தாநாள் பள்ளிக்கூடப் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நாளை அடக்கம், அதன்பின் விருந்து. மலைப்பக்கத்து உறவுகள் திரண்டு வருகிறார்கள். கடற்கரைக்காரர்கள் மட்டி இல்லாமல் பந்தி போட்டார்கள் என்றால் அந்தப் பேச்சு மலையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் ஓயும்.

ஆனால் கடலோரத்து மட்டித் திட்டு, யாரும் எடுக்கக் கூடாதென்று, ஆறு வருஷமாக மூடிக் கிடக்கிறது. மூடியவனே மாத்தேனேதான். ஊராரும் ஆக்லாந்துக்காரர்களும் போட்டி போட்டு வாரியதில் திட்டு வெறும் ஓடாகிப் போயிருந்தது. சாவு விருந்துக்கு மட்டும் எடுக்கலாம் என்ற பழைய வழக்கத்தையும் அவன் சேர்த்தே நிறுத்தினான். ராவிரி பெரியப்பா மகன்தான். அவருடைய அம்மா செத்தபோதும் சாக்கோடு இறங்கியவர்களை மாத்தேனே மணலில் நின்று மறித்தான்.

"மூணே மூணு சாக்கு. பெரிசா பாத்துப் பொறுக்குறோம். குஞ்ச விட்டுடுறோம். போதுமா?"

"பெரிசுதானே அண்ணே முட்டை விடணும்? இத்தன வருஷம் கழிச்சு இந்தக் கோடையிலதான் நகத்தளவு குஞ்சு வந்திருக்கு. அத பூட்ஸ் காலால மிதிச்சிட்டு, தாயையும் வாரிட்டு வந்தா, மறுபடி மொதல்லேர்ந்து. நீ வந்து காவல் இருப்பியா?"

ராவிரி குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மாவ வெறும் உருளைக்கிழங்கு விருந்து போட்டு அனுப்புனேன். எல்லார் முன்னாலயும் தலை குனிஞ்சு நின்னேன். அவனயும் அப்படி அனுப்பணுமா? எனக்கா கேக்குறேன்?"

மட்டி என்றால் மாத்தேனேக்கு உயிர். திட்டை மூடிய பிறகு வேறு ஊர்ப் பந்தியில்கூட அவன் அதைத் தொட்டதில்லை. அவன் பெயரில் ஒரு தட்டு நிறைய வைக்க வேண்டும் என்று அவளுக்கும் மனசு அடித்துக்கொண்டது. சாக்கை மட்டும் அவள் விடவில்லை.

சாயங்காலம் ராவிரி விஷயத்தைச் சபைக்கே கொண்டுவந்தார். முன்னோர் மண்டபத்தின் முற்றத்தில், விருந்தாளிகள் பார்க்க, திறந்த பெட்டிக்கு எதிரே கைத்தடியோடு நின்று செத்தவனையே திட்டினார்.

"டேய் மாத்தேனே! கஞ்சப் பயலே! கடலைப் பூட்டிட்டு சாவியோட படுத்துக்கிட்டியா? எந்திரிச்சு பதில் சொல்லு பாப்போம்!"

செத்தவனை நேரில் ஏசி வழியனுப்புவது இங்கே வழக்கம்தான்; எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியருகே இருந்த மாத்தேனேயின் மனைவி மேரேகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மாட்டியா? சரி, அப்ப நான் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்குங்க. நாளைக்குக் காலையில திட்டை..."

செத்தவன் முகத்துக்கு நேரே சபையில் சொல்லிவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது. இந்தச் சபையில் பெண்கள் பேச்சுக்கு எழுவதில்லை. ஆனால் ஒரு பெண் பாட்டெடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய மனிதரானாலும் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஹூயா எழுந்து பாடினாள். எந்தப் பாட்டு என்று யோசிக்கக்கூட இல்லை. வாயில் வந்ததைப் பிடித்துக்கொண்டாள்.

கூடப் பாட ஆளில்லாத பாட்டு மானக்கேடு. முதல் அடி முடிந்தும் ஒருவரும் சேரவில்லை. ராவிரி தடியை ஊன்றியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அடியில், உட்கார்ந்த இடத்திலிருந்தே, மேரேயின் கட்டைக்குரல் வந்து சேர்ந்தது. அப்புறம் சமையற்கட்டிலிருந்து பெண்கள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பாடியபடி வந்தார்கள். பாட்டு முடிந்ததும் ராவிரி பெட்டியை நோக்கி, "போ, தம்பி, போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் பந்தியில் பன்றிக்கறி இருந்தது, கிழங்கு இருந்தது, மலைக்காரர்கள் கொண்டுவந்த விலாங்கு மீன் இருந்தது. நடுவில், கடையில் வாங்கிய உறைந்த சிப்பி. மலைப்பக்கத்து அம்மாள் ஒருத்தி ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள்.

"இது உங்க கடல்லதா?"

"இல்ல, கடையிலது," என்றாள் ஹூயா. முகம் எரிந்தது. "எங்க கடல்ல இப்ப குஞ்சுதான் இருக்கு. எடுக்க மாட்டோம்."

அம்மாள் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். "உப்பு பத்தல," என்றாள்.

அப்போதுதான் வெளியூர் கார் ஒன்று மணலோரம் வந்து நின்றது. இரண்டு பேர் வாளிகளோடு இறங்கினார்கள். ஹூயா தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். அதற்குள் யாரோ பந்தியை விட்டு இறங்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது. ராவிரிதான். அடக்கத்துக்குப் போட்ட கோட்டும், கையில் சாப்பாட்டுத் தட்டுமாக வேகமாக நடந்தார். திட்டு தொடங்கும் இடத்தில், ஈர மணலில் கால் படாமல் நின்றார். ஏதோ சொன்னார். வாளிக்காரர்கள் கையை ஆட்டி ஆட்டி வாதாடினார்கள். அவர் நகரவில்லை.

கடைசியில் கார் திரும்பிப் போனது. ராவிரி தட்டிலிருந்து கடைச் சிப்பி ஒன்றை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து மென்றுகொண்டே அங்கேயே நின்றார். தண்ணீர் ஏறித் திட்டை மூட இன்னும் நேரம் இருந்தது.