மூன்றாம் பெஞ்சிலிருந்து

பதினெட்டு வருடங்களாக ஒரு ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய்வந்தவருக்கு, ஆலயத்துப் பெஞ்சில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு, மூன்றாம் பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில், பல் பிடுங்க வந்தவரைப் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏழாவது நாள் சபையின் கீபோர்டு. வாசிக்கிறவர் என்றுகூட யாரும் சொல்வதில்லை, “கீபோர்டு வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். புதன்கிழமை ஒரு கட்டடத்தில் மோட்டார் அறைப் படி வழுக்கி, கையை ஊன்றியதில் எலும்பில் விரிசல். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவர் லிஃப்டைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. “அப்போ ஞாயித்துக்கிழமை?” என்றார். “ஞாயித்துக்கிழமையும் அதே கைதானே?” என்றார் டாக்டர்.

அவருக்குப் பதிலாகப் போதகரின் மருமகள் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள், அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாவது சரணத்தில் தாளத்தை விட்டுக் கொஞ்சம் ஓடினாள். அப்பாடா என்று அவர் நிமிர்ந்து சபையைப் பார்த்தார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் மனைவி கண்ணை மூடி, முகத்தை உயர்த்தி, தொண்டை நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். சுருதிக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவருக்குக் கூச்சத்தில் காது சூடாகிவிட்டது. இவளா இப்படிப் பாடுகிறாள்? பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் திரும்பக்கூட இல்லை. அவர்களுக்கெல்லாம் பழகிப்போயிருந்தது. பதினெட்டு வருடமாக அவள் இதே இடத்தில் தனியாக நின்று இப்படித்தான் பாடிக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத்தான் புதுச் செய்தி.

சரி, நாமும் பாடுவோம் என்று வாயைத் திறந்தார். முதல் இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரி வரவில்லை. அந்தப் பாட்டை எத்தனை நூறு முறை வாசித்திருப்பார்! எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்திருந்தது. வார்த்தைகள்தான் தெரியவில்லை. வாயை அசைத்து ஒப்பேற்றினார். ஜெப நேரத்தில் எல்லாரும் கண்ணை மூட, அவர் கண் மட்டும் மூட மறுத்துப் போதகரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கை தாழ்ந்தால் மெதுவாக வாசிக்க வேண்டும், உயர்ந்தால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். இத்தனை வருட ஜெபத்தையும் அவர் அந்தக் கையைப் பார்த்தே கழித்திருந்தார்.

அன்றைய பிரசங்கம் ஓய்வுநாளைப் பற்றியது. வழக்கமாக அந்த நேரத்தில் அவர் அடுத்த பாட்டின் சுருதியைச் சரிபார்ப்பார். இன்று வேறு வழியில்லாமல் கேட்டார். ஆண்டவருக்கு நம்முடைய வேலையைவிட நாமே வேண்டும் என்றார் போதகர். அப்படியானால் நான் வாசித்ததெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்று இவருக்குக் குழம்பியது. வாசிப்பதும் துதிதானே? துதி என்றால் வார்த்தை தெரிந்திருக்க வேண்டாமா? வார்த்தை தெரிந்தவர்கள் எல்லாம் நான் வாசிக்காமல் எப்படிப் பாடியிருப்பார்கள்? இன்று பாடினார்களே! ஒரு மோட்டார் ஏன் இரைகிறது என்பதைக் கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடும் மனிதர், தனக்குள் எது இரைகிறது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

கடைசியில் போதகர், “களைச்சுப் போனவங்க யாராவது இருந்தா முன்னால வாங்க, சேர்ந்து ஜெபிப்போம்” என்றார். எல்லா ஞாயிறும் சொல்வதுதான். அதைக் கேட்டதும் இவர் எழுந்து போய், கீபோர்டில் உட்கார்ந்து, ஜெபத்துக்கு மெல்லிய பின்னணி வாசிப்பதும் எல்லா ஞாயிறும் நடப்பதுதான். இன்றும் எழுந்துவிட்டார். சுயநினைவு வந்தபோது போதகருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலையில் போதகரின் கை இருந்தது. வேறு யாரும் முன்னால் வந்திருக்கவில்லை.

“ஐயா, பழக்கதோஷத்துல வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. போதகரின் குரல் தழுதழுத்தது. பின்னால் யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். இவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. மணிக்கட்டு வலியா, மானம் போகிறதே என்ற பயமா, வேறு ஏதாவதா என்று அவருக்கே விளங்கவில்லை. திரும்பி வரும்போது மூன்றாம் பெஞ்சைப் பார்த்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

வாசலில் கதவருகே நின்ற ஊழியர் அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். “இத்தனை வருஷமா உங்க வாசிப்பைக் கேட்டோம்ண்ணே. இன்னைக்குத்தான் உங்களைப் பார்த்தோம்.” அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் தோளில் சாய்ந்துகொண்டாள், பஸ்ஸில் அவள் சாய்கிற வழக்கமே கிடையாது. தினமும் விடியற்காலையில் அவள் முழங்காலில் நின்று அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பது அவருக்குத் தெரியும். என்ன கேட்கிறாள் என்று அவர் விசாரித்ததில்லை. இன்று அது கிடைத்துவிட்டதாக நினைக்கிறாள். சொல்லிவிட்டால் அந்த முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் இந்தப் பொய்யோடு ஒரே தட்டில் சாப்பிட வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வழக்கமாக அவர் பாடகர் குழுவின் பயிற்சிக்குக் கிளம்பிவிடும் நேரம். இன்று போக இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மாவுக்கட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“நீ ஏதோ நெனச்சுக்கிட்டிருக்க. அது பழக்கத்துல போனதும்மா. ஐயா கூப்பிட்டதும் வாசிக்கப் போவேன்ல, அதே மாதிரி கால் போயிடுச்சு. வேற ஒண்ணும் இல்ல.”

அவள் அழுவாள் என்று நினைத்தார். அவளோ புருவத்தைச் சுருக்கினாள். “வாசிக்கப் போனீங்களா? அப்போ கீபோர்டுகிட்டதானே நின்னிருக்கணும்?”

“ஆமா.”

“அந்தப் பொண்ணு உங்களைப் பார்த்து எந்திரிச்சு இடம் விட்டாளே. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. அதைத் தாண்டியில்ல போனீங்க.”

“நானா?”

“பின்ன நானா?”

அவர் எவ்வளவு யோசித்தும் அந்தப் பெண் எழுந்தது நினைவில் இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்தது நினைவிருந்தது. தலையில் கை பட்டது நினைவிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. எழுந்தார். லிஃப்ட் எந்த மாடியில் மக்கர் செய்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு மாடியாக ஓட்டிப் பார்ப்பார்களே, அதுபோல முதலிலிருந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

“இந்த சோபாதான் பெஞ்சு. அந்தச் சாப்பாட்டு மேசை கீபோர்டு. சரியா?”

“சரிங்க.”

மெல்ல நடந்தார். மேசை வந்தது. இடது கை தானாக அதன் விளிம்பைத் தொட்டது. அங்கேயே நின்று திரும்பினார்.

“இங்கதானே நின்னேன்?”

“இல்லங்க,” என்றாள் அவள். சோபாவின் நுனிக்கு வந்திருந்தாள். “இன்னும் போங்க.”

அவர் மேசையிலிருந்து கையை எடுத்தார். அதற்கு அப்பால் சுவர் வரைக்கும் வெறும் தரைதான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு அடி எடுத்து வைத்தார்.