ஓடாத இறால்

காத்திவாக்கம் உப்பங்கழியில் அந்த வருஷம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இறால் தானாகக் கைக்கு வந்தது. புதிய ஆலையின் கழிவுநீர் வாய்க்கால் வந்து விழும் மூலை அது. அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். மற்ற இடங்களில் பொழுதெல்லாம் துழாவினாலும் பறி பாதிதான் நிறையும். இங்கே இறால் துள்ளாமல், ஓடாமல் கிடந்தது. ஊர்த் தெய்வம் கன்னியம்மா கண் திறந்துவிட்டாள் என்று வாய்க்கால் ஓரத்திலேயே பொங்கல் வைத்தார்கள்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து சுகிர்தம் டீச்சர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பாடப் புத்தகத்தில் இமயமலை இருந்தது, கோதுமை இருந்தது. வாசலில் கிடக்கும் கழியைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த எரிச்சலில்தான் பிள்ளைகளிடம் சொன்னேன்: "இறால் ஏன் அங்க மட்டும் ஓடாம கெடக்கு? துப்பறிஞ்சு வந்து சொல்லுங்க."

"எங்கம்மா கைராசி டீச்சர்!" என்று அம்மு துள்ளினாள். அவள் அம்மா வேம்பு, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பறியால் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள்.

"கைராசியெல்லாம் சாட்சி சொல்லாதுட்டி. போய்ப் பாரு."

போனார்கள். பாடம் என்றால் தூங்கி வழிகிற பயல்கள்கூட வெயிலில் கரையோரம் தவம் கிடந்தார்கள்.

"டீச்சர், எறா அம்மாம் கீது, ஒரு கொக்கு கூட அங்க எறங்கல," என்றான் குணசேகரன்.

"நண்டுங்கோ சேத்த வுட்டுட்டு கண்டல் மரத்து மேல ஏறி குந்திகினு கீது," என்றான் இன்னொருவன்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடைசியில் அம்முவே இரண்டு சட்டி கொண்டுவந்தாள். ஒன்றில் கடல் வந்து கலக்கும் முகத்துவாரத்துத் தண்ணீர், மற்றதில் வாய்க்கால் மூலைத் தண்ணீர். இரண்டிலும் முகத்துவாரத்தில் பிடித்த உயிர் இறாலைப் போட்டாள். வகுப்பே சுற்றிக் குந்தியது. முதல் சட்டியில் இறால் துள்ளி வெளியே விழுந்தது. இரண்டாவதில் கொஞ்ச நேரம் நீந்தி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மு தட்டவில்லை.

"அது தானா வரல டீச்சர். மயங்கிக் கெடக்குது," என்றாள். பிறகு சட்டியையே பார்த்துக்கொண்டு, "எங்கம்மா வாய்ல அந்தத் தண்ணிதான் போவுது," என்றாள்.

அன்றைக்கே வேம்புவைத் தேடிப் போனேன். உதட்டோரம் இரண்டு பக்கமும் புண். வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"எரியறது எனுக்குத் தெரியாதா டீச்சரம்மா? மத்த எடத்துல எறா எங்க கீது? இத்தையும் வுட்டா புள்ளைங்களுக்கு இன்னா போடுவேன்?"

ஊர்த் தலைவர் பக்தவச்சலத்திடம் போனேன். "பொங்கல் வெச்ச எடம்மா அது. அபசகுனமா பேசாத," என்று எழுந்து போய்விட்டார். ஆலை வாசலில் தொண்டை கட்டும்வரை கத்தினேன். காவலாளி எனக்கு ஒரு முக்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். கதவை மட்டும் திறக்கவில்லை. விரட்டியிருந்தால்கூட ஆத்திரம் தீர்ந்திருக்கும். வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் அம்மு பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் வேம்பு பாயில் கிடந்தாள். வாய் வீங்கி, பறியைக் கடிக்க முடியாமல் போயிருந்தது. அம்மு எங்கே என்றேன். கழிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓடினேன். வாய்க்கால் மூலையில் பெண்களுக்கு நடுவே அம்மு நின்றாள். மற்றவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர், அவளுக்கு மார்புவரை. அம்மாவின் பறி அவள் பல்லில் இருந்தது.

"ஏட்டி, ஏறி வா! கண்டுபிடிச்சதே நீதான! வாயத் தொறந்து சொல்லு இவங்களுக்கு!"

அம்மு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிரம்பி வழிந்தது. வாயைத் திறந்தால் பறி தண்ணீரில் விழுந்துவிடும். அவள் திறக்கவில்லை. பல்லை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.